ஒரு சொட்டும் வெளியே வராத ஓட்டை: படகுக் குளியலறை பம்பைச் சரிசெய்த கதை

நேற்று மாலை குளியலறைத் தட்டில் 10 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு நொடிகளை எண்ணினேன். 51 நொடியில் தட்டு வற்றிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பு இதே தண்ணீர் கால் மணி நேரம் ஆனாலும் போகாமல் நின்றது. இடையில் நான் கழற்றியது, வாங்கியது, தவறாகப் பூட்டியது எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்களுடையது 32 அடி நீளப் பாய்மரப் படகு. 1980களில் கட்டியது, ஃபைபர் உடல். மலேசியாவின் லங்காவித் தீவில் குவா நகரை ஒட்டிய படகுத்துறையில் நிற்கிறது. எனக்கு வேலை பினாங்கில். நாலு நாள் விடுமுறை சேர்ந்தால் நானும் மனைவியும் படகுக்கு வந்துவிடுவோம்.

வீட்டில் குளித்த தண்ணீர் சரிவைப் பார்த்துத் தானாக ஓடிவிடும். படகில் அதற்கு வழியில்லை. கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்த ஒரு சின்ன அறை. அதன் தரையே தட்டுப் போல வார்க்கப்பட்டிருக்கிறது. அந்தத் தட்டு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. கீழே இருக்கிறது. அங்கே துளை போட்டால் கடல்தான் உள்ளே வரும். ஆகவே தட்டின் மூலையிலுள்ள வடிகாலிலிருந்து 25 மி.மீ. குழாய் ஒன்று வடிகட்டிக்குப் போகிறது. வடிகட்டியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், கைகழுவும் தொட்டிக்கு அடியிலிருக்கும் அலமாரிக்குள் பம்ப். பம்பிலிருந்து குழாய் மேலேறி, வளைந்து இறங்கி, படகின் பக்கவாட்டிலுள்ள துளை வழியாகக் கடலுக்குப் போகிறது. பம்ப் டயாஃப்ரம் வகை (உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று அசைந்து தண்ணீரை இறைக்கும்), 12 வோல்ட். நிமிடத்துக்கு 14 லிட்டர் இறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

தாயாங் புந்திங் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த இரவில்தான் கோளாறு வெளிப்பட்டது. குளித்துக்கொண்டிருந்த மனைவி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். “என்னங்க, தண்ணீர் அப்படியே நிற்கிறது. மோட்டார் மட்டும் ஓடுகிறது.” போய்ப் பார்த்தேன். கணுக்கால் வரை சோப்புத் தண்ணீர். பம்ப் ஓடத்தான் செய்தது, ஆனால் வழக்கமான அழுத்தமான ‘தொக், தொக்’ இல்லை. வெறும் டப்பாவைத் தட்டுவது போல லேசான ஓசை. அந்த நேரம் பார்த்து ஒரு விசைப்படகு பக்கத்தில் கடந்து போனது. படகு ஆடியதில் பாதித் தண்ணீர் வாசற்கட்டையைத் தாண்டி அறைக்குள் கொட்டி, மரத்தரையின் இடுக்குகள் வழியாகப் படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் இறங்கிவிட்டது. லங்காவி வெயிலில் மூடிக் கிடக்கும் பில்ஜில் சோப்புத் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் என்ன வாடை வரும் என்பதைப் படகுக்காரர்கள் அறிவார்கள். அதன்பின் ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு ஸ்பாஞ்சும் வாளியும்தான்.

முதலில் வடிகட்டியைத் திறந்தேன். அதைத் திறக்கத் தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்குள் ஒரு கையை மட்டும் விட்டுத் திருக வேண்டும். உள்ளே உள்ளங்கை நிறைய முடி. சோப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைச் சாம்பல் நிறப் பந்தாகத் திரட்டியிருந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். கழுவி, மூடியைப் பலமாக இறுக்கிச் சுவிட்சைப் போட்டால் அதே டப்பா ஓசை. மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ பிறகு முக்கியமாகப் போகிறது.

அடுத்து மின்சாரம். பழைய படகில் எது நின்றாலும் பாதிக்குப் பாதி கம்பிதான் காரணமாக இருக்கும். மல்டிமீட்டரை எடுத்துப் பம்பின் முனைகளில் வைத்தேன்: 12.6 வோல்ட். நல்ல மின்சாரம் வருகிறது, கம்பியில் குறையில்லை என்று குறித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அது தவறு. இணைப்பைக் கழற்றி, பம்ப் ஓடாதபோது அளந்திருக்கிறேன். மின்னோட்டம் இல்லாத கம்பியில் எவ்வளவு துருப்பிடித்த இணைப்பு இருந்தாலும் வோல்டேஜ் குறைந்து தெரியாது. மறுவாரம் வந்தபோதுதான் பம்பை ஓடவிட்டு அளந்தேன். 10.2 வோல்ட்! பேட்டரியில் அதே நேரம் 12.6. வழியில் 2.4 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நீளக் கம்பி ஒன்றை மீட்டரோடு சேர்த்துக்கொண்டேன். பம்ப் ஓடும்போது பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையே அளந்தால் 0.4 வோல்ட். எதிர்முனைப் பக்கம் அளந்தால் 2.0. ஆகக் குற்றவாளி எதிர்முனைக் கம்பியில் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே போனேன். கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். திருகைத் தொட்டதுமே பச்சைப் பொடி உதிர்ந்தது. கம்பியின் உறையைச் சீவிப் பார்த்தேன். ஒரு சாண் தூரம் சீவியும் செம்பு கறுப்பாகவே இருந்தது.

ஒட்டுப் போடாமல் முழுக் கம்பியையும் மாற்றினேன். பழையது 1.5 சதுர மி.மீ.; போக 7 மீட்டர், வர 7 மீட்டர். புதிதாக 2.5 சதுர மி.மீ. கம்பி, வெள்ளீயம் பூசிய செம்பு. இணைப்புகளுக்கு உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறை போட்ட கிரிம்ப் முனைகள், அதாவது கம்பியை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனைகள். கிரிம்ப் செய்ய ராட்செட் கருவியை அடுத்த படகுக்காரரிடம் இரவல் வாங்கினேன். சாதாரணக் குறடால் நசுக்கிய முனை, கையால் இழுத்தாலே கழன்று வந்துவிட்டது. ராட்செட்டில் அழுத்தியது வரவில்லை. வேலை முடிய அரை நாள் ஆனது. இப்போது பம்ப் ஓடும்போது 12.1 வோல்ட்.

பம்ப் வேகமாக ஓடியது, தண்ணீர் போகவில்லை. 10 லிட்டர் ஊற்றி மூன்று நிமிடம் ஓடவிட்டதில் ஏறக்குறைய 4 லிட்டர்தான் வெளியேறியது. சுவிட்சை நிறுத்தியதும் அதிலும் கொஞ்சம் திரும்பி வந்தது.

அந்தத் திரும்பி வந்த தண்ணீர்தான் என்னை அடுத்த தவறான பாதையில் இழுத்துப் போனது. பம்புக்குள் உள்நுழையும் வாயிலில் ஒன்றும் வெளிவாயிலில் ஒன்றுமாக இரண்டு ரப்பர் வால்வுகள் உண்டு. வாத்தின் அலகைப் போன்ற வடிவம். ஒரு பக்கம் போகவிடும், மறுபக்கம் வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் திரும்புகிறதென்றால் அலகு மூடவில்லை. எனவே வால்வு கெட்டுவிட்டது, பம்பு இழுக்காததற்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டினேன். வால்வும் டயாஃப்ரமும் அடங்கிய பாகங்களின் தொகுப்புக்கு 165 ரிங்கிட். வந்து சேர ஒரு வாரம்.

பிரிப்பதற்கு முன் படகின் உடலிலுள்ள அடைப்பு வால்வை மூடினேன். வெளியேறும் துளை நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் பாய் விரித்துப் படகு ஒருபக்கம் சாய்ந்தால் அது நீருக்குள் போய்விடும். குழாய் கழன்ற நிலையில் யாராவது அதை மறந்து கடலுக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூடிய வால்வின் கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்தேன். வேலை நடக்கும்போதெல்லாம் அது அங்கேயே இருந்தது.

ஆறு திருகுகளை எடுத்ததும் பம்பின் தலை கையோடு வந்தது. வெளிவாயில் வால்வை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அலகின் இரண்டு உதடுகளுக்கும் குறுக்கே மூன்று நீள முடிகள், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. அவை கிடந்த இடத்தில் மட்டும் ஒளி ஊசி முனையளவு ஊடுருவியது. அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் திரும்பியிருக்கிறது. முடியை இழுத்து எடுத்ததும் உதடுகள் ஒட்டிக்கொண்டன. ரப்பரில் வெடிப்பில்லை, தடிப்பில்லை. பழையதையே கழுவிப் போட்டிருக்கலாம். புதிது கையில் இருக்கிறதே என்று மாற்றினேன்; பழையவற்றைத் துடைத்து உதிரிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு வாயில்களுக்கும் ஒரே வால்வுதான், மாட்டும் திசைதான் வேறு. உள்வாயிலில் அலகு பம்பின் வயிற்றைப் பார்க்க வேண்டும். வெளிவாயிலில் வயிற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும். பிரிக்கும்போது படம் எடுக்காமல் விட்டதால் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டேன். பம்ப் முனகியதே தவிர, குழாயில் ஒரு சலசலப்பும் இல்லை. மறுபடி ஆறு திருகுகள். ஒரு மணி நேரம் போயிற்று.

சரியாகப் பூட்டிய பிறகு, நிறுத்தினால் தண்ணீர் திரும்பி வருவது நின்றது. இழுப்பதில் மட்டும் முன்னேற்றமே இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டார். “பம்பை நேராக வாளியில் விட்டுப் பார்த்தீர்களா? ஊரில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் அப்பா முதலில் மோட்டாரைச் சந்தேகப்பட மாட்டார். காற்று வாங்குகிறது என்பார்.”

மாமனாருக்கு நாமக்கல் பக்கம் கிணற்றுப் பாசனம். மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால், கிணற்றிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சாணியை அப்புவார். ஓட்டை இருக்கும் இடத்தில் சாணி உள்ளே இழுக்கப்பட்டு அடைத்துக்கொள்ளும், மோட்டார் தண்ணீரைப் பிடிக்கும். நானே இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிணறும் படகும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

காலையில் எழுந்ததும் பம்பின் உள்வாயில் குழாயைக் கழற்றி, ஒரு மீட்டர் நீளமுள்ள வேறு குழாயை மாட்டி, அதன் நுனியை 10 லிட்டர் வாளியில் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய ‘தொக், தொக்’. வாளி 48 நொடியில் காலி. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர். பம்பில் ஒரு குறையுமில்லை. இந்தச் சோதனைக்குப் பிடித்த நேரம் பத்து நிமிடம். முதல் நாளே செய்திருந்தால் 165 ரிங்கிட் வெளியே போயிருக்காது, ஒரு வாரமும் காத்திருந்திருக்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வாளி, வடிகட்டி, பம்ப். வடிகட்டி நடுவில் வந்ததுமே ஓசை டப்பாவாக மாறியது. அதன் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். கைவிளக்கை அடித்துப் பார்த்தால் மூடியின் ஓரத்திலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் வரிசையாக உள்ளே ஓடுகின்றன. வெளியே விரலால் தடவினேன்; காய்ந்து கிடந்தது. இதனால்தான் மூன்று வாரமாக என் கண்ணில் படவில்லை. கசிவு என்றால் ஈரத்தைத் தேடுகிறோம். பம்புக்கு முன்னாலுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்புக்குத் தண்ணீரைத் தூக்குவதைவிடக் காற்றை இழுப்பது எளிது. அது அதையே இழுத்துக்கொண்டிருந்தது.

படகில் சாணிக்கு எங்கே போவது? மருந்துப் பெட்டியில் வாஸ்லின் இருந்தது. மூடியைச் சுற்றிலும் விரலால் தடித்துப் பூசினேன், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே. முக்கால் வட்டம் வந்தபோது ஓசை சட்டென்று இறங்கிக் கனத்தது. மேலே அறையிலிருந்த மனைவி, “பிடித்துவிட்டது!” என்று கூவினார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, காதே சொல்லிவிட்டது.

மூடியைத் திறந்து, இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை வெளியே எடுத்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர், மேலும் கீழும் தட்டையாகி நாடாவைப் போல ஆகியிருந்தது. வெர்னியரில் அளந்தால், அமுங்காத பக்கம் 3.5 மி.மீ., அமுங்கிய பக்கம் 2.9. ஒவ்வொரு முறை வடிகட்டியைக் கழுவும்போதும் நான் பலங்கொண்ட மட்டும் இறுக்கியதன் விளைவு அது. அதோடு வளையம் உட்காரும் பள்ளத்தில் மணலும் இருந்தது; காலில் ஒட்டி வந்த கடற்கரை மணல்.

குவாவில் ஹைட்ராலிக் குழாய் விற்கும் கடையில் ஓ-ரிங் கிடைத்தது. அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயும், 58 மி.மீ. உள்விட்டத்தில் 4 மி.மீ. தடிமன் உள்ளதை வாங்கிவிட்டேன். மூடியின் மரை பிடிக்கவில்லை. மறுபடி போய் 3.5 மி.மீ. வாங்கினேன். தலா 3 ரிங்கிட். பழையதைக் கையோடு கொண்டுபோயிருந்தால் ஒரு நடை மிச்சம். வளையம் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியில் சிலிக்கோன் கிரீஸ் எடுத்து வளையத்தில் மெல்லியதாகத் தடவி, மூடியைக் கையால் மட்டும் திருகினேன். கிரீஸ் இருந்தால் பலமாக இறுக்க வேண்டாம், எளிதாக உட்கார்ந்துகொள்ளும்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் தட்டில் ஊற்றிப் பார்த்தபோது 10 லிட்டருக்கு 70 நொடி ஆனது; வாளியில் 48. இன்னும் எங்கோ கொஞ்சம் காற்று வாங்குகிறது. இந்த முறை எதிர்வழியில் தேடினேன். தட்டின் வடிகாலை ஈரத்துணியால் அடைத்து மனைவி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பம்ப் பக்கக் குழாய் நுனியைச் சுத்தமாகக் கழுவி, வாய் வைத்து ஊதினேன். ஊதுவதற்கு முன் எல்லா இணைப்புகளிலும் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தூரிகையால் தடவியிருந்தேன். வடிகாலுக்கு அடியிலுள்ள முழங்கை இணைப்பில் வெள்ளை நுரை புள்ளி புள்ளியாகக் கிளம்பியது. அங்கே கிளிப் இனித் திருக இடமில்லாத அளவுக்கு இறுகியிருந்தது; ஆனால் குழாய் வயதாகி மரக்கட்டையாக இருந்தது. கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் காய்ந்த குழாய் வளைந்து கொடுக்காது.

பழைய குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறித்தான் எடுக்க முடிந்தது. உள்சுவரில் சோப்புப் படிவு. தட்டிலிருந்து பம்பு வரை 3 மீட்டர் குழாயையும் மாற்றினேன், உள்பக்கம் வழவழப்பானதாகப் பார்த்து. நுனியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் முக்கினால் இளகி முழுதாக ஏறும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், 316 தரத் துருவேறா எஃகு; காந்தம் ஒட்டாததாகப் பார்த்து வாங்கினேன், திருகு மட்டும் மட்டமான எஃகில் வரும் கிளிப்புகள் உண்டு. குழாய் நடுவில் தொய்ந்து பள்ளமாகாதபடி இரண்டு இடத்தில் கட்டினேன், பள்ளத்தில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்கு வீடு. அதன்பின் வந்ததுதான் அந்த 51 நொடி.

செலவு: பம்ப் பாகங்கள் 165, கம்பி 60, முனைகளும் உறையும் 25, ஓ-ரிங் இரண்டு 6, குழாய் 54, எட்டு கிளிப் 48, சிலிக்கோன் கிரீஸ் 22, வடிகால் வாயில் போட சமையலறைத் தொட்டிக்கான கம்பி வலைச் சல்லடை 2. மொத்தம் 382 ரிங்கிட். தண்ணீரை இழுக்க வைத்தது ஓ-ரிங்கும் கிரீஸும் குழாயும் கிளிப்பும்தான், அவை 130. கம்பி மாற்றியதை வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கறுத்த செம்பு எப்படியும் ஒருநாள் சூடாகியிருக்கும். இரண்டு ரிங்கிட் சல்லடைதான் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் பெரிய லாபம். முடி தட்டிலேயே நின்றுவிடுகிறது; குளித்தவரே எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.

மிச்சமிருக்கும் வேலை வடிகட்டியின் இடம். குப்புறப் படுத்துக் கழுவ வேண்டியிருப்பதால்தான் அதை நான் மாதக்கணக்கில் தொடாமல் விட்டேன். அலமாரிக் கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி, பம்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டப் போகிறேன். அதற்கு அரை மீட்டர் குழாயும் ஒரு மரப்பலகையும் போதும். தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும் மிதவை சுவிட்சு வைக்கலாமா என்றும் யோசித்தேன். முடியும் சோப்பும் மிதவையில் ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடிப் பேட்டரியைக் காலி செய்துவிடும். கையால் போடும் சுவிட்சே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அழியாத மையால் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: வாளி 48, தட்டு 51. அதற்குக் கீழே ஓ-ரிங் அளவு, 58 × 3.5. அடுத்த முறை வரும்போது சுவிட்சைப் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். 60ஐத் தாண்டினால் முதலில் வாஸ்லின் டப்பாவைத்தான் எடுப்பேன்.